எலியைத் தலைப்பிலே எழுதுங்கள்

கடந்த முப்பது ஆண்டுகளில் நமது தமிழ்ப் பத்திரிகைகள் புற்றுநோயை எத்தனை தடவைகள் குணப்படுத்தியிருக்கின்றன என்று எவரேனும் பொறுமையாகக் கணக்கெடுத்தால், உலகில் இன்று புற்றுநோயாளர் ஒருவரேனும் எஞ்சியிருக்க நியாயமில்லை என்ற முடிவுக்கே வருவார். மாதம் ஒரு முறையாவது ஒரு கண்டுபிடிப்பு. ஆய்வாளரின் சாதனை, அதிசயத் துகள், புற்றுக் கலங்களை மட்டும் தேடிச் சென்று அழிக்கும் ஏவுகணை. (ஏவுகணை என்ற சொல்லின் மீது நம்மவர்க்குள்ள காதல் போர் முடிந்த பின்னரும் தீரவில்லை.) கீழே நான்கு பந்திகள். நான்காவது பந்தியின் கடைசியில், மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடுபவருக்கு மட்டும் அகப்படும்படி, பரிசோதனை எலிகளில் நடந்தது என்று ஒரு வாக்கியம். இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதே வாக்கியந்தான்.

செய்தி மேசைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்தவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன். விஞ்ஞானத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. விஞ்ஞானத்தை லொத்தர் முடிவு போல அச்சிடும் நமது வழக்கத்தின் மீதே கோபம்.

இவ்வகைச் செய்திகளில் நீண்டகாலமாக முன்வரிசையில் நிற்பவை காபன் நனோ துகள்கள். காபன் என்று இலங்கையில் நாம் எழுதுவதைத் தமிழ்நாட்டார் கார்பன் என்பர். இரண்டும் ஒரே கரிதான். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் கரி காட்டும் வித்தைகள் பல. 1985 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் குரோட்டோ, ரிச்சர்ட் ஸ்மோலி, ரொபேர்ட் கேர்ல் ஆகியோரும் அவர்களது மாணவர்களும் அறுபது காபன் அணுக்கள் உதைபந்தின் வடிவில் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கூண்டைக் கண்டனர். அதற்காக அம்மூவருக்கும் 1996 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1991 இல் ஜப்பானின் சுமியோ இயீஜிமா காபன் நனோ குழாய்களை உலகறியச் செய்தார். 2004 இல் மஞ்செஸ்டரில் அந்திரே கெய்மும் கொன்ஸ்டன்டின் நோவோசெலோவும் பென்சிற்கரியில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தே ஓரணுத் தடிப்புள்ள கிரபீன் தாளைப் பெற்று, 2010 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதே 2004 இல் தென் கரோலினாவில் நனோ குழாய்களைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்தவர்களின் கழிவில் ஒளிரும் துகள்கள் தற்செயலாக அகப்பட்டன. பின்னர் அவற்றுக்குக் காபன் புள்ளிகள் என்ற பெயர் வந்தது. வெடிமருந்தை மூடிய கலத்தினுள் வெடிக்கவைத்து நனோ வைரம் எடுக்கும் வித்தையைச் சோவியத் ஆய்வாளர் 1963 இலேயே அறிந்திருந்தனர்.

பென்சிற்கரி என்றதும் நம் நாட்டவருக்குப் போகலையும் ககட்டகஹவும் நினைவுக்கு வரவேண்டும். பாறை வெடிப்புகளில் நாளம் நாளமாக ஓடும், 99 வீதத்துக்கும் மேல் தூய்மை கொண்ட கிரபைட் அங்கே கிடைக்கிறது. அதனை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொன் கணக்கில் கப்பலேற்றுகிறோம். அதிலிருந்து பிறர் செய்யும் பொருளைக் கிராம் கணக்கில் விலைகொடுத்து வாங்குகிறோம். அது தனியே எழுதவேண்டிய வயிற்றெரிச்சல்; இன்னொரு நாள் பார்ப்போம்.

வைத்தியத்துறை இக்கரியின் மீது மோகம் கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. கூண்டென்றால் உள்ளே எதையாவது அடைக்கலாம். காந்தப் பரிவுப் படத்தில், அதாவது எம்.ஆர்.ஐ. படத்தில், உறுப்புகளைத் துலக்கிக் காட்டப் பயன்படும் கடோலினியம் என்ற உலோகம் உடலில் கசிந்தால் நஞ்சு. அதனைக் காபன் கூண்டுக்குள் பூட்டிவிட்டால் கசியாது. குழாயென்றால் அதன் புறப்பரப்பில் மருந்து மூலக்கூறுகளை ஏராளமாக ஒட்டலாம். மேலும், கண்ணுக்குத் தெரியாத செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட ஒளியைக் குழாய்கள் உறிஞ்சும், உமிழும். அவ்வொளி தசையை ஓரளவு ஊடுருவி வரவல்லது. படமும் எடுக்கலாம், மருந்தும் ஏற்றலாம், வேண்டுமானால் சூடாக்கிச் சுடவும் செய்யலாம். இவை கற்பனைகள் அல்ல. 2008 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹொங்ஜி டாய் குழுவினர் பக்லிடக்சல் என்ற மருந்தை நனோ குழாய்களில் ஏற்றி மார்பகப் புற்றுக்கட்டிகளின் வளர்ச்சியைத் தடுத்தனர். 2011 இல் டீன் ஹோ குழுவினர் டொக்சோரூபிசின் மருந்தை நனோ வைரத்தில் ஒட்டி, அம்மருந்துக்கு அடங்காத மார்பக, ஈரல் கட்டிகளைச் சுருங்கவைத்தனர்.

யாருடைய கட்டிகள்? சுண்டெலிகளுடைய கட்டிகள்.

சுண்டெலியை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. இன்று நாம் விழுங்கும் மருந்துகள் பல அதன் முதுகில் ஏறியே வந்தவை. எனினும் இந்த விடயத்தில் எலிக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளி சாதாரணமானதன்று. ஆய்வுகூட எலியின் கட்டி பெரும்பாலும் தோலின் கீழ் ஊசியால் விதைக்கப்பட்டது. இரண்டு மூன்று வாரங்களில் மதமதவென்று வளர்வது. அவசரத்தில் கட்டிய வீடு போல அதன் இரத்தக்குழாய்களின் சுவரெங்கும் ஓட்டைகள். 1986 இல் ஜப்பானின் ஹிரோஷி மயேடாவும் யசுஹிரோ மட்சுமுராவும் விபரித்த தத்துவம் அந்த ஓட்டைகளை நம்பியது: ஓட்டை வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து கட்டியில் தங்கும், நல்ல தசையில் தங்கா. மனிதரின் கட்டியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. ஒருவரின் கட்டியில் ஓட்டை உண்டு, இன்னொருவரின் கட்டியில் இல்லை. ஒரே நோயாளியின் இரண்டு கட்டிகளே வேறுபடும்.

இதற்கும் மேலாக ஒரு கணக்கு உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வொரன் சான் குழுவினர், பத்து ஆண்டுகளில் வெளிவந்த 117 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, எல்லா வகை நனோ துகள்களையும் சேர்த்து, ஊசியால் ஏற்றப்பட்டதில் எத்தனை பங்கு உண்மையில் கட்டியைச் சென்றடைந்தது என்று பார்த்தனர். 2016 இல் வெளியான விடையின் நடுப்பெறுமானம் 0.7 வீதம். ஆயிரத்தில் ஏழு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வடிகட்டிக்கொள்கின்றன. இலக்கைத் தேடிச் செல்லும் ஏவுகணை என்று நாம் எழுதியதன் இலட்சணம் இது. அதுவும் எலிகளில்!

நான் அறிந்தவரை எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் அந்த 0.7 வீதத்தைச் செய்தியாக்கவில்லை. வெற்றி முழக்கம் செய்தி. அம்முழக்கத்தை விஞ்ஞானிகளே நிறுத்துப் பார்த்துச் சொன்ன எடை செய்தியன்று.

கரிக்கு வேறொரு வில்லங்கமும் உண்டு. நமது வீடுகளின் கூரையில் கிடக்கும் அஸ்பெஸ்டஸ் ஏன் ஆபத்தானது? அதன் நார்கள் நீண்டவை, மெல்லியவை, உடலால் கரைக்க முடியாதவை. வெண்குருதிக் கலங்கள் விழுங்க முயன்று தொண்டையில் சிக்கி மடிகின்றன. நீண்ட நனோ குழாய்களும் அதே உடல்வாகு கொண்டவை. 2008 இல் எடின்பரோவின் கென் டொனால்ட்சன் குழுவினர் நீண்ட, விறைப்பான நனோ குழாய்களை எலிகளின் வயிற்றறையுள் செலுத்தியபோது, அஸ்பெஸ்டஸ் உண்டாக்கும் அதே வகை அழற்சி தோன்றியது. குட்டையானவையும் சுருண்டவையும் அவ்வாறு செய்யவில்லை. 2014 இல் உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறிப்பிட்ட வகை நனோ குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்தது. ஏனைய வகைகளுக்குத் தீர்ப்பளிக்கச் சான்று போதாது என்றது. நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: வெண்குருதிக் கலங்களின் நொதியம் ஒன்று குழாய்களைச் சிறிது சிறிதாக அரிக்கும் என்று 2010 இல் வலேரியன் ககன் குழுவினர் காட்டினர். வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கில் நாம் தீர்ப்பு எழுதினோம் என்பதே என் குற்றச்சாட்டு.

நனோ மருந்துகளே பொய் என்று எவரும் இதனை வாசித்துவிடக் கூடாது. டொக்சோரூபிசின் மருந்தைக் கொழுப்புக் குமிழியில் அடைத்த டொக்சில் 1995 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பக்லிடக்சலை இரத்தப் புரதத்துடன் பிணைத்த அப்ரக்சேன் 2005 இல். 2020 இன் இறுதியில் வந்த எம்.ஆர்.என்.ஏ. கொரோனாத் தடுப்பூசிகள் கொழுப்பு நனோ துகள்களிலேயே ஏறி வந்தன. கொழுப்பும் புரதமும் உடலுக்கு உறவுகள். வேலை முடிந்ததும் அவற்றைப் பிரித்துச் செரித்துவிடும். கரிக் கூண்டு அவ்வாறன்று. நாற்பது ஆண்டுகள் கழிந்தும், புற்றுநோய் மருந்தை ஏந்திச் செல்லும் காபன் கூண்டோ குழாயோ நனோ வைரமோ எதுவும் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்குபடுத்துநர்களின் அனுமதியைப் பெற்று நோயாளியின் கட்டிலருகே வரவில்லை. நனோ வைரம் மனிதரைத் தொட்ட இடம் எது தெரியுமா? 2017 இல் கலிபோர்னியாவில் ஒருசிலரின் பல் வேர்க்குழியை அடைக்கும் பசையில் அது கலக்கப்பட்டது. பல்லடைப்பும் பயனுள்ள வேலைதான். ஆனால் நாம் தலைப்பிட்டது அதற்கன்று.

இனி நாம் எழுதாமல் விட்ட கதைக்கு வருகிறேன். மனிதருக்கு உண்மையிலேயே பயன்பட்ட காபன் நனோ துகள்கள் இருக்கின்றன. அவை கூண்டுமல்ல, குழாயுமல்ல. அவை புகைக்கரியும் மையும்.

சுவாசப்பையின் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி சிக்கிக்கொள்வது திடீர் மரணத்துக்கான காரணங்களில் ஒன்று. அதனைக் கண்டறிய ஒரு வழி, சுவாசப்பையில் காற்று செல்லும் இடங்களையும் இரத்தம் செல்லும் இடங்களையும் தனித்தனியே படமெடுத்து ஒப்பிடுவது. காற்றுப் போகிறது, இரத்தம் போகவில்லை என்றால் அங்கே அடைப்பு. காற்று செல்லும் இடத்தைப் படமெடுக்க, காற்றோடு காற்றாகச் செல்லும் கதிரியக்கப் பொருள் வேண்டும். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பில் பேர்ச் என்பவர் 1980களில் அதற்கு ஒரு வழி கண்டார். டெக்னீசியம் என்ற கதிரியக்க மூலகத்தைச் சிறு கிரபைட் கிண்ணத்தில் இட்டு, ஆகன் வாயுவின் நடுவே ஏறத்தாழ 2,750 பாகை செல்சியஸ் வரை ஒருசில வினாடிகள் சூடேற்றினால், டெக்னீசியத்தைக் காபன் உறை போர்த்த நுண்துகள்கள் புகையாக எழுகின்றன. பெரும்பாலானவை 100 நனோமீற்றரிலும் சிறியவை. நோயாளி அந்தப் புகையை ஓரிரு தடவை மூச்சாக உள்ளிழுத்தால் போதும். அது சுவாசப்பையின் மூலைமுடுக்கெல்லாம் சென்று படிகிறது, கமரா படமெடுக்கிறது. டெக்னீசியத்தின் கதிரியக்கம் ஆறு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. டெக்னிகாஸ் என்று பெயர் பெற்ற இந்தப் புகையைப் பல நாடுகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்துகின்றன. ஐக்கிய அமெரிக்கா 2023 செப்டெம்பரில்தான் அனுமதித்தது. அந்தச் செய்தியைத் தமிழில் எங்கேனும் வாசித்தவர் உண்டாயின் எனக்கு அறியத்தாருங்கள்; மகிழ்வேன்.

இரண்டாவது கதை சீனாவினுடையது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால் சுரப்பியை அகற்றுவர். தேவையாயின் அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களையும் அகற்றுவர். தைரொயிட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அவரைக்கொட்டையிலும் சிறியனவாகப் பெரும்பாலும் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. பராதைரொயிட் என்பது அவற்றின் பெயர். இரத்தத்தின் கல்சியத்தை ஆள்பவை அவையே. அவற்றுக்கும் நிணநீர்க்கணுவுக்கும் கொழுப்புத் துண்டுக்கும் இடையே வேறுபாடு காண்பது கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும் சிரமம். தவறிப்போய் நான்கையும் எடுத்துவிட்டாலோ அவற்றின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிட்டாலோ, விரல் நுனிகள் விறுவிறுக்கும், தசைகள் இழுக்கும், ஆயுள் முழுவதும் கல்சியம் விழுங்க வேண்டிவரும். சீன வைத்தியர்கள் என்ன செய்கிறார்கள்? ஏறத்தாழ 150 நனோமீற்றர் அளவுள்ள கரித்துகள் கலந்த கறுப்பு மையைச் சத்திரசிகிச்சையின்போது தைரொயிட்டினுள் சிறிதளவு ஊசியால் ஏற்றுகிறார்கள். இரத்த நுண்குழாய்ச் சுவரின் இடைவெளிகளைவிடத் துகள் பெரியது. ஆகவே இரத்தத்தில் நுழையாது. நிணநீர் நுண்குழாயின் இடைவெளிகள் அகன்றவை. ஆகவே அவ்வழியே செல்லும். சில நிமிடங்களில் தைரொயிட்டும் நிணநீர்க்கணுக்களும் கறுத்துவிடுகின்றன. பராதைரொயிட்டுகள் மட்டும் தம் இயல்பு நிறத்தில், கரிக்குவியலில் விழுந்த நெல்மணி போலத் தனித்துத் தெரிகின்றன. எடுக்கவேண்டியது கறுப்பு, விடவேண்டியது மஞ்சட்கபிலம்.

இதில் ஏவுகணை இல்லை. இலக்கறியும் மூலக்கூறு இல்லை. அளவறிந்து அரைத்த கரியும், உடலின் ஓட்டைகள் எத்தனை பெரியவை என்ற அறிவும் மட்டுமே. பெருங்குடலில் கமரா செலுத்திப் பார்க்கும்போது சந்தேகத்துக்குரிய முளையைக் கண்டால், பின்னர் வெட்டவரும் நிபுணர் இடத்தை அறிவதற்காக அருகே கரித்துகள் மையால் பச்சை குத்திவைப்பதும் இந்த வகைதான். முன்பு இந்தியன் இங்க் என்ற எழுத்து மையை இதற்குப் பாவித்தனர். பின்னர் தொற்று நீக்கிய கரித் தயாரிப்புகள் வந்தன. நமது பத்திரிகைகளின் கண்ணில் இவை படாமைக்குக் காரணம் வெளிப்படை. மை எவரையும் மெய்சிலிர்க்க வைப்பதில்லை.

மெய்சிலிர்க்க வைத்ததன் விலையை நான் ஒருநாள் நேரில் கண்டேன். நான் பணிபுரிந்த பத்திரிகை ஒன்றில் நனோ வைரச் செய்தி வெளியான வாரத்தில், வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் அலுவலகம் தேடி வந்தார். பதினேழு வயது மகளுக்கு எலும்புப் புற்றுநோய். கத்தரித்த செய்தித் துண்டு சட்டைப் பையில் நான்காக மடிந்திருந்தது. அந்த வைர ஊசி எந்த நாட்டில் விற்கிறார்கள், காணியை ஈடுவைத்தால் போதுமா என்பது அவருடைய கேள்வி. அச்செய்தியை எழுதியவர் அன்று விடுமுறையில் இருந்ததால் அவரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். மூல ஆய்வு எலிகளில் நடந்தது, மனிதருக்கு அப்படியொரு ஊசி எங்கும் இல்லை, மகரகமையில் நடக்கும் கீமோ சிகிச்சையை ஒரு நாளும் இடைநிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. துண்டை மறுபடி மடித்துக்கொண்டே கேட்டார்: “உது எலிக்கோ ஐயா? அப்ப ஏன் மனிசருக்கெண்டு போட்டவை?”

அன்று மாலை செய்தி ஆசிரியரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். “தலைப்பிலை எலி எண்டு போட்டால் வாசகன் பக்கத்தைத் திருப்பிப் போடுவான்” என்றார். திருத்தம் வெளியிடவும் அவர் உடன்படவில்லை. செய்தியில் பொய் எதுவும் இல்லையாம். உண்மைதான், பொய் எதுவும் இல்லை. எலி மட்டுமே இல்லை.

குற்றம் முழுவதும் செய்தி மேசையுடையதும் அன்று. பல்கலைக்கழகங்களின் ஊடகப் பிரிவுகள் இன்று விளம்பர முகவர்களின் மொழியைப் பேசுகின்றன. இலையையோ பழச்சாற்றையோ மூடிய பாத்திரத்தில் சூடேற்றினால் காபன் புள்ளிகள் கிடைக்கும் என்று தெரிந்த நாள்தொட்டு, உலகிலுள்ள காய்கறிகளெல்லாம் வரிசையாக அடுப்பேறுகின்றன. தோடம்பழச்சாறு ஏறியது, பால் ஏறியது, மஞ்சள் ஏறியது. ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக்கட்டுரை. ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வரியும் இது உயிரியற் படமெடுப்புக்கும் மருந்து ஏற்றலுக்கும் உதவக்கூடும் என்று முடியும். 2007 இல் மெழுகுதிரிக் கரியிலிருந்தே ஒளிரும் துகள்களை எடுத்துக் காட்டியிருந்தார்கள். கரியாகும் எதிலும் இது கிடைக்கும் என்பது நிரூபணமான பிறகும் புதுப் புது இலைகளைத் தேடுவது பட்டத்துக்கும் பதவியுயர்வுக்கும் உதவலாம். நோயாளிக்கு எப்போது உதவும் என்று கேட்கவேண்டியவன் பத்திரிகையாளன். அவன் மொழிபெயர்ப்பாளனாகவே நின்றுவிடுகிறான்.

நம்மவருக்கேயுரிய இன்னொரு நோயும் இதில் தொற்றியிருக்கிறது. 2006 இல் ஜேர்மனியின் டிரெஸ்டனில் பீற்றர் போஃப்லர் குழுவினர் பழைய டமஸ்கஸ் வாள் ஒன்றின் உருக்கில் நனோ குழாய்களைக் கண்டனர். 2020 இல் கீழடி மட்பாண்டத் துண்டுகளின் கருநிறப் பூச்சிலே காபன் நனோ குழாய்கள் இருப்பதை வேலூர் ஆய்வாளர் அறிவித்தனர். இரண்டும் அழகிய அவதானிப்புகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உதிராத ஒரு பூச்சைக் கண்டவர்கள் நம் குயவர்கள் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அங்கிருந்து, தமிழன் அன்றே நனோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான் என்று தாவுவது எப்படி நியாயமாகும்? குத்துவிளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து மை சேர்த்த என் பாட்டியும் அப்படியாயின் நனோ விஞ்ஞானியே. சூளையும் விளக்கும் தாமாகச் செய்ததை நாம் செய்ததாக உரிமை கோருவதோடு விடயம் முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அது முடிவதில்லை. அடுத்த மாதமே, நமது பஸ்பங்களும் செந்தூரங்களும் நனோ மருந்துகளே, ஆகவே அவை புற்றைத் தீர்க்கும் என்று ஒருவர் யூரியூப்பில் தோன்றுகிறார். கீழடியிலிருந்து அவருடைய கடைக்கு வரும் பாதையைத் திறந்துவிட்டது நமது தலைப்பே.

மேற்குலகக் கடைக்காரரும் குறைந்தவர்களல்லர். 2012 இல் பாரிஸ் ஆய்வாளர் சிலர் அறுபதணுக் கூண்டை ஒலிவ் எண்ணெயில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டித்தது என்று எழுதினர். ஒரு குழுவில் ஆறு எலிகள், ஆறே ஆறு. அதனைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்ப் போத்தல்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. 2020 இல் அமெரிக்காவில் வேறு ஆய்வாளர் அதனைச் சுண்டெலிகளில் மறுபரிசோதனை செய்தனர். ஆயுள் நீளவில்லை. அதைவிடக் கவலைக்குரியது: எண்ணெயில் கரைத்த கூண்டு சாதாரண அறை வெளிச்சத்தில் சில நாட்கள் இருந்தாலே நஞ்சாக மாறி எலிகளைக் கொன்றது. போத்தலை அலமாரியில் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மருந்து விஷமாகிறது. 2012 இன் எலி உலகெங்கும் ஓடியது. 2020 இன் எலி செத்த இடத்திலேயே கிடந்தது.

நம்பிக்கையைக் கெடுக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுபவர்கள் உண்டு. நோயாளிக்கு நம்பிக்கை வேண்டாமா என்பார்கள். வேண்டும். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலையும் நம்பிக்கைதான். அதை நோயாளி பஸ் ஏறிச் சென்றடையலாம். சென்றடைய முடியாத ஒன்றைக் காட்டி, சென்றடையக்கூடிய சிகிச்சையை நடுவழியில் நிறுத்தவைப்பதற்கு நம்பிக்கை என்று பெயரிட நான் தயாரில்லை.

நான் ஆசிரியபீடங்களிடம் கேட்பது அதிகமில்லை. செய்தியை நிறுத்தச் சொல்லவில்லை. எலியைத் தலைப்பிலே எழுதுங்கள் என்கிறேன். ‘எலிகளில் கட்டி சுருங்கியது’ என்ற தலைப்பு அப்படியொன்றும் அசிங்கமானதன்று. 2019 இல் ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர், ஆங்கிலப் பத்திரிகைகளின் மருத்துவத் தலைப்புகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எலிகளில்’ என்ற சொல்லை மட்டும் சேர்த்து டுவிற்றரில் வெளியிடத் தொடங்கியபோது பல்லாயிரம் பேர் பின்தொடர்ந்தனர். அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை வாசகர்கள்! எத்தனை எலிகள், எத்தனை நாட்கள், மனிதரில் பரிசோதனை தொடங்கிவிட்டதா, ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பவற்றை முதற்பந்தியிலேயே சொல்லிவிடலாம். தெரியாவிட்டால், தெரியும்வரை செய்தியை மேசையில் வைத்திருக்கலாம். கட்டி ஓடிவிடாது.

வெளிநாட்டுத் தமிழ் வானொலிகளுக்கும் இது பொருந்தும். சில மாதங்களுக்கு முன்னர், புலம்பெயர் நாடொன்றின் தமிழ் வானொலியில் காபன் கூண்டு எண்ணெய்க்கு விளம்பரம் ஒலிப்பதாக வாசகர் ஒருவர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். மூட்டுவலி, நீரிழிவு, புற்றுநோய் ஆகிய மூன்றும் அதில் வருகின்றன. நோபல் பரிசும் வருகிறது. 2020 ஆம் ஆண்டின் ஆய்வைத் தமிழில் சுருக்கி, வெளிச்சம் பட்ட எண்ணெயைப் பற்றிய பகுதியை அடிக்கோடிட்டு, விளம்பரத்தை நிறுத்துமாறு அவர்களுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்ததாக ஒரு வரிப் பதில் வந்தது. விளம்பரம் நேற்றும் ஒலித்ததாக அதே வாசகர் எழுதியிருக்கிறார். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவையாம்.